பூச்சிமருந்து ஆலையில் ரத்தம் பார்த்த வருஷங்கள்

ஓசூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த பூச்சிமருந்து ஆலையில் பழைய பிரிவு ஒன்றை மூடப் போகிறார்கள். அங்கே பாட்டிலில் அடைத்த மருந்துகளில் சிலவற்றை இனி விற்கக் கூடாது என்று ஆகிவிட்டது. மற்றவற்றுக்குக் கிராக்கி போய்விட்டது. மூடுவதற்கு முன்னால் தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். "லேப் அக்கா, டாக்டரம்மாவைப் பத்தி நீங்கதான் எழுதணும். நாங்க எழுதினா நல்லவங்க, வல்லவங்கன்னு ரெண்டு வரியில முடிஞ்சிடும்" என்றார்கள். எனக்கும் எழுதிப் பழக்கம் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் அருப்புக்கோட்டைப் பக்கம். மதுரையில் லேப் டெக்னீசியன் படிப்பு, இரண்டு வருஷம் ஒரு கிளினிக்கில் சர்க்கரையும் சிறுநீரும் பார்த்த அனுபவம், அப்புறம் கல்யாணம். வீட்டுக்காரருக்கு ஓசூரில் வண்டிக் கம்பெனியில் வேலை. பால்காரரிடம் தெலுங்கிலும் கீரைக்காரியிடம் கன்னடத்திலும் திக்கித் திணறிக்கொண்டிருந்த புது ஊரில், இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆன சமயம், இந்த ஆலை லேபுக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். நேர்காணலில் என்னைக் கேள்வி கேட்டது ஆலையின் டாக்டர் ஹபீபா ஒருவர்தான்.

கிருஷ்ணகிரிக்காரர். அப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தலையில் இழுத்துவிட்ட முந்தானை, கையில் சின்ன டார்ச். நான் படித்தது எதையும் அவர் கேட்கவில்லை.

"ஒரு ரிசல்ட் தப்பா குடுத்துட்டன்னு உனக்கு மட்டும் தெரியுது. என்ன செய்வ?"

"திரும்பச் செஞ்சு பார்ப்பேன் மேடம்."

"அது சரி. யார்கிட்டயாவது சொல்லுவியா?"

"சொல்லுவேன்" என்றேன். "பார்க்கலாம்" என்று சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது.

முதல் வாரம் முழுக்க அந்த மருந்து உடம்பில் என்ன செய்யும் என்பதை எனக்கு விளக்கினார். எங்கள் ஆலையில் அடைத்தவை பெரும்பாலும் ஆர்கனோபாஸ்பரஸ் வகை. ராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளியும் முட்டைக்கோசும் ஏற்றுகிற யாரைக் கேட்டாலும் அதன் அருமையைச் சொல்வார்கள். காலையில் அடித்தால் மாலைக்குள் புழு கீழே கிடக்கும். ஒரு போகத்தையே காப்பாற்றிவிடும். "நரம்பு தசையைப் பார்த்து சுருங்குன்னு சொல்லுது சாந்தா. சொன்ன வேலை முடிஞ்சதும் அந்தச் செய்தியை அழிக்கறதுக்கு ரத்தத்துலயும் நரம்புலயும் ஒரு நொதி இருக்கு. இந்த மருந்து அந்த நொதியைப் பிடிச்சுக்குது. அப்புறம் செய்தி அழியாது. சுருங்கு, சுருங்குன்னு நிக்காம சொல்லிக்கிட்டே இருக்கும். புழுவுக்கும் அதுதான், நமக்கும் அதுதான்" என்றார்.

அந்த நொதியை அளப்பதுதான் என் வேலை. அதை டாக்டர் செய்யச் சொன்ன விதம்தான் எனக்குக் கிடைத்த உண்மையான படிப்பு.

ரத்தம் கொடுக்க வருகிறவர் முதலில் குளிக்க வேண்டும். அப்புறம் முழங்கையில் இருந்து விரல் வரை சோப்புப் போட்டுத் தேய்த்து, கழுவி, சுத்தமான துண்டால் துடைத்துக்கொண்டு வர வேண்டும். தோலில் துளி மருந்து ஒட்டியிருந்தாலும் ஊசி அதை ரத்தத்தோடு சேர்த்து இழுத்துவிடும், கணக்கு கெட்டுவிடும். எடுத்த ரத்தம் ஐஸில் இருக்க வேண்டும். சிவப்பணுக்களைத் தனியாகப் பிரித்து உப்புநீரில் மூன்று முறை கழுவ வேண்டும். பிறகு வெந்நீர்த் தொட்டியில் உடம்புச் சூட்டில் வைத்து சோதனைக்கான ரசாயனங்களைச் சேர்த்தால் குழாயில் மெல்ல மஞ்சள் ஏறும். சீக்கிரம் ஏறினால் நொதி நிறைய இருக்கிறது. தயங்கித் தயங்கி ஏறினால் ஆளுக்கு ஆபத்து.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர் ஆலைக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்னால் இரண்டு முறை ரத்தம் கொடுக்க வேண்டும். அதுதான் அவருடைய சொந்த அளவு. "புத்தகத்துல நார்மல்னு ஒரு பெரிய வேலி போட்டிருக்கான். ஒருத்தன் வேலிக்கு அந்தக் கோடியில நின்னவன், பாதி தூரம் சரிஞ்சு வந்தாலும் இன்னும் வேலிக்குள்ளதான் இருப்பான். நீ அவனை ஊரோட அளக்காத, அவனோட அளந்து பாரு" என்பார். தன் அளவில் முப்பது சதவீதம் இறங்கியவர் மருந்துப் பக்கமே போகக் கூடாது. சம்பளம் குறையாமல் வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டும். இதை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கி வைத்திருந்தார்.

ரத்தம் எடுத்த பிறகு ஒவ்வொருவரும் அவரைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். மணிக்கட்டைப் பிடிப்பார், வியர்வையும் நாடியும் ஒரே பிடியில் தெரிந்துவிடும். டார்ச்சால் கண்மணியைப் பார்ப்பார். "உடம்புக்கு என்ன?" என்று கேட்கவே மாட்டார். கேட்டால் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்களாம். "நேத்து என்ன சாப்பிட்டீங்க? எங்க தூங்கினீங்க? காலையில எங்கெங்க போயிட்டு வந்தீங்க?" இந்த மூன்றுதான்.

நான் சேர்ந்த வருஷம் மார்கழியில் பெரிய தப்பு ஒன்று செய்தேன். ஒரே நாளில் பதினோரு பேருக்கு நொதி இறங்கியிருப்பதாக எழுதிக் கொடுத்தேன். டாக்டர் பதினோரு பேரையும் வெளியே எடுத்தார். ஒரு லைன் முழுக்க நின்றது. மறுநாள் காலையில் வெந்நீர்த் தொட்டியில் தற்செயலாக விரலை வைத்தேன். சில்லென்று இல்லை, ஆனால் வெதுவெதுப்பும் போதவில்லை. வேறு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் நாலைந்து டிகிரி குறைவு. ஓசூர்க் குளிரில் பழைய ஹீட்டர் திணறியிருக்கிறது. சூடு குறைந்தால் மஞ்சள் மெல்லத்தான் ஏறும். பதினோரு பேருக்கும் ஒரு குறையும் இல்லை.

டாக்டர் அறைக்குப் போய்ச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "நேத்துத் தெரிஞ்சுதா, இன்னைக்கா?" என்றார்.

"இப்பத்தான் மேடம். கால்மணி நேரம் ஆகுது."

"சரி, வா."

கேன்டீனில் சாப்பாட்டு நேரம். நடுவில் நின்று, "நேத்து உங்க பதினோரு பேரையும் வெளிய அனுப்பினது எங்க தப்பு. எங்க தொட்டியில சூடு குறைஞ்சிருந்தது. இன்னைக்குத் திரும்ப எடுக்கறோம்" என்றார். என் பேரைச் சொல்லவே இல்லை. பிளான்ட் மேனேஜர் கூப்பிட்டுக் கத்தியதையும் அவரே வாங்கிக்கொண்டார். புது ஹீட்டர் வந்தது. அன்றிலிருந்து தினமும் இரண்டு தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பேன்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து முனிராஜ் விஷயம் வந்தது.

முனிராஜ் பாட்டில் நிரப்பும் லைனில் வேலை செய்தவர். முப்பது வயது இருக்கும். தேன்கனிக்கோட்டை ரோட்டில் இருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். கையுறையைக் கழற்றாமல் மூக்கைக்கூடச் சொறிய மாட்டார், அவ்வளவு ஜாக்கிரதை. ஐப்பசி மாதத்து ரத்தத்தில் அவர் அளவு இறங்கியது. கார்த்திகையில் இன்னும் இறங்கி, மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதே லைனில் அவருக்கு இடமும் வலமும் நின்றவர்களுக்கு ஒன்றும் இல்லை.

மேனேஜர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "நார்மல் வேலிக்குள்ளதானே இருக்கு? பக்கத்துல நிக்கறவனுக்கு ஒண்ணும் இல்ல. உங்க லேப் பொண்ணோட தொட்டி மறுபடி ஆறிப்போச்சு போல" என்றார். எனக்கு முகம் சுட்டது.

டாக்டர் என்னிடம் வந்து, "உன் ரத்தம், என் ரத்தம், அவர் ரத்தம். மூணையும் ஒரே தொட்டியில ஒண்ணா வை" என்றார். வைத்தேன். எங்கள் இருவர் குழாய்களும் வழக்கம்போல மஞ்சளாகின. முனிராஜின் குழாய் மட்டும் பின்தங்கி வெளிறி நின்றது. மூன்று குழாய்களையும் ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு போய் மேனேஜர் மேஜை மேல் வைத்தார். முனிராஜை அட்டைப்பெட்டி கோடவுனுக்கு மாற்றினார்கள்.

மருந்தில் இருந்து விலகினால் அளவு மெல்ல ஏற வேண்டும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தேன். ஏறவில்லை, இன்னும் இறங்கியிருந்தது. டாக்டர் அவரை உட்கார வைத்துக் கேட்டார்.

"முனிராஜ், கோடவுன்ல மருந்து கிடையாது. அப்போ வேற எங்கிருந்தோ வருது. என்கிட்ட சொல்றது இந்தக் கதவைத் தாண்டாது."

"ஒண்ணும் இல்லீங்க டாக்டரம்மா. வீடு, வேலை, வீடு. அவ்ளோதாங்க."

"காலையில எங்கெங்க போயிட்டு வந்தீங்க?"

அவர் தரையைப் பார்த்தபடி, "எங்கயும் போகலீங்க" என்றார். டாக்டர் அவரை வற்புறுத்தவில்லை. அவர் போன பிறகு, "பயப்படறார். எதுக்குன்னுதான் தெரியல" என்றார். அன்றே எமர்ஜென்சி அலமாரியைத் திறந்து விஷத்தை முறிக்கும் அட்ரோபின் ஊசிமருந்துப் பெட்டிகளை எண்ணி, இன்னும் நாலு பெட்டி வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

தை மாதக் கடைசி. காதலர் தினத்துக்காக ரோஜாவுக்கு வெளிநாட்டில் பெரிய கிராக்கி இருக்கும் நாட்கள். ஓசூரைச் சுற்றி எங்கே பார்த்தாலும், பூ வளர்க்கப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடிய பாலிஹவுஸ் கூரைகள் வெள்ளையாக மின்னும். மதியம் இரண்டு மணி ஷிப்டுக்கு பஸ் வந்து நின்றது. கேட்டில் சத்தம் கேட்டது. செக்யூரிட்டி ஒருவர் முனிராஜின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். "குடிச்சிட்டு வந்திருக்கான், நிக்கக்கூட முடியல, திரும்பிப் போகச் சொல்லுங்க."

நான் கிட்டே போனேன். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வாயில் எச்சில் வழிந்தது. கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. கன்னத்துச் சதை தானாகத் துடித்தது. பூண்டு அழுகினாற்போல ஒரு வாடை. எங்கள் ஆலை மருந்துகளின் வாடை எல்லாம் எனக்கு அத்துப்படி. இது எங்களுடையது இல்லை.

"குடி இல்ல, விஷம்! தூக்குங்க!" என்று கத்தினேன். என் குரலா அது என்று எனக்கே ஆச்சரியம்.

அதற்கப்புறம் டாக்டரிடம் நான் பார்த்ததை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். அவர் ஓடவில்லை. "எல்லாரும் கையுறை போடுங்க. துணியை வெட்டுங்க, தலை வழியா கழட்டாதீங்க. இடது பக்கமா சாய்ச்சுப் படுக்க வைங்க" என்று வழக்கமான குரலில் சொன்னார். இரண்டு பேர் சோப்பும் தண்ணீரும் ஊற்றித் தலையில் இருந்து கால் வரை கழுவினார்கள். இன்னொருவர் முனிராஜின் வாயில் இருந்து சளியை உறிஞ்சும் குழாயைப் பிடித்தார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார். நுரையீரலில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம் என்று அப்புறம் சொன்னார்.

அட்ரோபின் சின்னச் சின்னக் கண்ணாடி ஆம்பூலாக வரும். நான் உடைத்து உடைத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை நெஞ்சைக் கேட்பார். "ஈரம் இருக்கு. இரட்டிப்பாப் போடு." மறுபடி கேட்பார். "இன்னும் இருக்கு. இரட்டிப்பாப் போடு." கண்ணாடி என் விரலைக் கிழித்து ரத்தம் வந்தது. "கண்மணி விரிஞ்சிடுச்சு மேடம், போதுமா?" என்று கேட்டேன். "கண்ணைப் பார்த்து நிறுத்தறவங்கதான் ஆளைப் பறிகொடுக்கறாங்க. நெஞ்சு காயணும். உடை" என்றார். எத்தனை உடைத்தேன் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்காமலே கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். "காஞ்சிடுச்சு. வண்டியை எடுங்க."

பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அத்திப்பள்ளி செக்போஸ்டில் லாரி வரிசை, அதைத் தாண்டினால் ரோட்டில் மேம்பால வேலை. வண்டி ஊர்ந்தது. அவர் முனிராஜின் மணிக்கட்டை விடவே இல்லை. வழியில் இரண்டு முறை நெஞ்சில் ஈரம் திரும்பியது, இரண்டு முறையும் ஊசி போட்டார். ஐசியூவில் இருந்த இளம் டாக்டரிடம் எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் ஒன்று சொன்னார்: "இவர் நாளைக்குத் தெளிஞ்சிடுவார். வார்டுக்கு மாத்திடலாம்னு தோணும். மாத்தாதீங்க. தினமும் தலையணையில இருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்க. தூக்க முடியலைன்னா மூச்சுத் தசை சோர்ந்துபோகப் போகுதுன்னு அர்த்தம்."

அப்படியே நடந்தது. மறுநாள் முனிராஜ் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். மூன்றாம் நாள் காலை அவரால் தலையைத் தூக்க முடியவில்லை. தயாராக இருந்ததால் உடனே மூச்சுக்கருவியில் போட்டார்கள். பத்து நாள் கருவிதான் அவருக்காக மூச்சு விட்டது. வார்டில் இருந்திருந்தால் போயிருப்பார் என்று அந்த இளம் டாக்டரே போனில் சொன்னார்.

முதல் நாளுக்கு வருகிறேன். சாயந்தரம் ஐசியூ வாசலில் முனிராஜின் மனைவி கவுரம்மா வந்து நின்றாள். டாக்டர் ஆறுதல் சொல்லிக்கொண்டே அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. டார்ச்சை எடுத்து அவள் கண்ணைப் பார்த்தார்.

"காலையில எங்கெங்க போயிட்டு வந்தீங்கம்மா?"

"எங்கயும் இல்லீங்க. பூ வெட்டிட்டு இருந்தேன். இவரு விடிகாலையில மருந்து அடிச்சு முடிச்சதும் நாங்க உள்ள போயிடுவோம். பூ ஏத்துற லாரி பத்து மணிக்கு வந்துடும்ல."

கணவன் அத்தனை மாதம் மறைத்தது அவள் வாயில் இருந்து சாதாரணமாக வந்தது, மறைக்க வேண்டும் என்றே அவளுக்குத் தெரியாது. குடியிருந்த வீடு பாலிஹவுஸ் முதலாளியுடையது. கவுரம்மாவுக்கு அங்கே வேலை. வீடு நிலைக்க வேண்டும் என்றால் சீசனில் முனிராஜ் மருந்து அடித்துத் தர வேண்டும். ஆலையிலோ வேறு வேலை பார்த்தால் சீட்டுக் கிழிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் அவர் வாயைத் திறக்கவில்லை.

"உள்ள எத்தனை பேர் பூ வெட்டறீங்க?"

"எட்டுப் பேருங்க."

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் தன் காரில் என்னையும் ஐஸ் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். அது எங்கள் ஆலை இல்லை; போக எங்களுக்கு அதிகாரமும் இல்லை. முதலாளி வாசலிலேயே மறித்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். "மேடம், ஒரு பூவுல ஒரு பூச்சி தெரிஞ்சா பெட்டியே திரும்பி வந்துடும். மருந்து இல்லாம இந்தத் தொழில் இல்லீங்க" என்றார்.

"மருந்து அடிக்காதீங்கன்னு நான் சொல்லவே இல்ல. நானே மருந்துக் கம்பெனிச் சம்பளம் வாங்கறவ" என்றார் டாக்டர். "பத்து நிமிஷம் குடுங்க, ரத்தம் எடுத்துக்கறேன்."

எட்டுப் பெண்களில் மூன்று பேர் "பேடக்கா, பேடா" என்று கன்னடத்தில் வேண்டாம் சொல்லிக் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள். கவுரம்மா முதலில் கையை நீட்டியதும் வந்தார்கள். ஆலைக்குத் திரும்பிச் செய்து பார்த்தேன். எல்லாம் வேலிக்குள்தான் இருந்தன, ஆனால் அடியோரத்தில். "இவங்களுக்கு முன்னாடி எடுத்த அளவு இல்லையே மேடம், இறங்கினதுதான்னு எப்படிச் சொல்றது?" என்றேன்.

"பின்னாடி எடுத்துக்கலாம். மருந்தை விட்டு விலக்கி வை. ஏறினா, இது இறக்கம்தான்."

மறுபடி போனோம். முதலாளியிடம் அவர் கேட்டது இரண்டே. சாயந்தரம் எல்லாரும் வெளியே போன பிறகு, முழு உடுப்புப் போட்ட ஆள் மருந்து அடிக்க வேண்டும். அடித்த பிறகு பாட்டில் லேபிளில் போட்டிருக்கும் நேரம் வரை கதவைப் பூட்டி வைத்து, அப்புறம் பக்கத் திரையைத் தூக்கிக் காற்று விட வேண்டும். முதலாளி ஒப்புக்கொண்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் போடப் போனார்.

"அது இவங்ககிட்ட இருக்கட்டும்" என்று கவுரம்மாவைக் காட்டினார் டாக்டர். "லாரி வந்து நின்னா நீங்க திறந்துடுவீங்க. இவங்க திறக்க மாட்டாங்க."

முதலாளி சாவியை உள்ளங்கையில் ஒரு முறை புரட்டினார். "என் பொண்ணு கல்யாணப் பூவும் இவங்க கையில வெட்டினதுதான்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு அவளிடம் நீட்டினார்.

ஆலையில் மேனேஜர் டாக்டரைத் துளைத்தார். எங்கே போய் விஷம் பட்டான், வேறு வேலை பார்த்தானா என்று. "என்கிட்ட நோயாளி சொன்னது ரிஜிஸ்டருக்குக்கூடப் போகாது. குணமானதும் கோடவுன் வேலைக்குத் தகுதியானவர்னு எழுதித் தரேன். அதுதான் என் வேலை" என்றார். அதற்கு மேல் யாராலும் அவரிடம் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. முனிராஜ் சித்திரையில் வேலைக்குத் திரும்பினார். கம்பெனி பஸ் ஓடும் ரோட்டிலேயே வேறு வீடு பார்த்துக்கொண்டார். ஆடி மாத ரத்தத்தில் தன் பழைய அளவைத் தொட்டார்.

பெண்களுக்கு இரண்டாவது முறை ரத்தம் எடுத்தது வைகாசியில். டாக்டர் என் பக்கத்திலேயே நின்றார். எட்டுக் குழாய்களும் நான் டைமரைத் தட்டி நிமிர்வதற்குள் மஞ்சளாகத் தொடங்கின. எட்டும் ஏறியிருந்தன. அவர் என் தோளை ஒரு முறை அழுத்திவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அடுத்த ஞாயிறு முடிவைச் சொல்லப் போனோம். கவுரம்மா பூ வெட்டிக்கொண்டிருந்தாள். சாவி அவள் இடுப்பில் தொங்கியது. "உடம்பு எப்படி இருக்கும்மா?" என்று டாக்டர், எனக்குத் தெரிந்து முதல் முறையாக, நேரடியாகவே கேட்டுவிட்டார்.

"தலைவலி போயிடுச்சுங்க" என்றாள் கவுரம்மா. "மூணு வருஷமா பூ வாசத்துக்குத்தான் தலை நோவுதுன்னு நெனச்சிட்டு இருந்தேன். இப்ப மோந்து பார்க்கறேன், இந்தப் பூவுக்கு வாசமே இல்லீங்க டாக்டரம்மா."